லிண்டல் மட்டத்தில் நின்ற வீடுகள்

வட இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக்கும் இடையே, வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு வீடு பதினான்கு மாதம் அப்படியே நின்றது. அத்திவாரம் போட்டுச் சுவர் ஏழடிக்கு எழும்பி, கதவு யன்னல்களின் தலைமட்டத்தோடு நின்றுவிட்டது. கூரையில்லாத அறைக்குள் ஒரு பப்பாசி முளைத்திருந்தது. நான் மூன்றாவது தடவை போனபோது அது என் தோளுக்கு மேலே வளர்ந்து காய்த்திருந்தது. வீட்டுக்கார அம்மா பக்கத்திலே தகரக் கொட்டிலில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். போகும் ஒவ்வொரு முறையும் தேநீர் தந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டார். “பிள்ளை, லிண்டல் எப்போது போடலாம்?”

அப்போது நான் ஒரு வீட்டுத்திட்டத்தில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். ஸ்கூட்டரில் போய்ச் சுவரை அளந்து, எந்தக் கட்டம் முடிந்தது என்று படிவத்தில் எழுதிக் கையொப்பமிடுவது என் வேலை. நான் கையொப்பமிட்டால்தான் அடுத்த தவணைப் பணம் வரும். லிண்டல் முடிந்தால்தான் நான் கையொப்பமிடலாம். லிண்டல் போடவோ பணம் வேண்டும். அந்த அம்மா இந்தச் சுற்றுக்குள் அகப்பட்டிருந்தார். என் கையில் அளவு நாடாவும் படிவமும் இருந்தன. அவருடைய கேள்விக்குப் பதில் இருக்கவில்லை.

கட்டட வேலை பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். லிண்டல் என்பது கதவுக்கும் யன்னலுக்கும் மேலே கிடக்கும் கொங்கிறீட் வளை. மேலே வரும் சுவரின் பாரத்தை இரண்டு பக்கமும் இறக்கிக் கொடுப்பது அதுதான். 550 சதுர அடி வீட்டில் வாசல்களுக்கு மேல் மட்டும் தனித்தனியாக லிண்டல் போட்டால் மொத்தக் கொங்கிறீட் பத்துக் கனவடி வரும். மணல் கணக்கில் சொன்னால் ஒரு கியூப்பில், அதாவது நூறு கனவடியில், பத்தில் ஒரு பங்கு. இந்தப் பத்துக் கனவடிக்காக ஒரே நாளில் எவ்வளவு கூடிவர வேண்டும் என்று பாருங்கள். பலகை அடிக்கத் தச்சர் வேண்டும். முட்டுக் கொடுக்கத் தடி வேண்டும். காட்டில் வெட்ட அனுமதியில்லை, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். கம்பி கட்டுபவர் வேண்டும். சல்லி, மணல், சீமெந்து மூன்றும் முற்றத்தில் இருக்க வேண்டும். மேசனோடு நான்கு பேர் வேண்டும். போட்ட பிறகு ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணறு வற்றியிருந்தால் பவுசருக்குச் சொல்ல வேண்டும். கொங்கிறீட் இறுகும்வரை மேலே ஒரு கல்லும் வைக்க முடியாது. அத்தனை நாளும் மேசன் சும்மா இருப்பாரா? மாங்குளத்தில் வேறொரு வீட்டைத் தொடங்கிவிடுவார். அவர் திரும்பி வரும்போது மாரி தொடங்கியிருக்கும்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக்கு நாட்குறிப்பு வைத்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே தெரிய வேண்டியிருந்தது. அத்திவாரக் கல் வைத்த நாளிலிருந்து ஓடு போட்டு முடித்த நாள்வரை 203 நாட்கள். அவற்றில் அந்த வளவில் யாராவது வேலை செய்த நாட்கள் 74. மிச்சம் 129 நாட்களும் காத்திருப்பு. மணலுக்கு அனுமதிப்பத்திரம் வரவில்லை. பலகை அடுத்த வீட்டில் மாட்டிக்கொண்டது. காலபோக அறுவடைக்கு ஆட்கள் போய்விட்டார்கள். நிலை வைக்க நல்ல நாள் வரவில்லை. தவணைப் பணம் வரவில்லை. மழை. அந்த 74 நாட்களில் சுவர் எழுப்ப எடுத்தவை பதினொரு நாட்கள் மட்டுமே. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பதினொரு நாளில் ஒரு வீட்டுச் சுவரை எழுப்பும் மேசனை யார் மெத்தனம் என்று சொல்ல முடியும்?

மக்கின்சி ஆய்வு நிறுவனம் 2017இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளில் உலகப் பொருளாதாரம் முழுவதிலும் உழைப்பின் விளைதிறன் ஆண்டுக்கு 2.8 வீதம் வளர்ந்தது. பொருள் உற்பத்தித் தொழிலில் 3.6 வீதம், கட்டுமானத்தில் 1 வீதம். இதைப் படித்துவிட்டு ‘தொழிலாளர்கள் பழைய முறையிலேயே கிடக்கிறார்கள்’ என்று பேசுபவர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். மேசனுக்குச் சாந்தும் கல்லும் எடுத்துக் கொடுப்பவரை எங்கள் பக்கத்தில் ‘முட்டாள்’ என்பார்கள். முட்டுக்கொடுக்கும் ஆள் என்பதாக நான் அதை விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல் காதில் விழும் விதம் எனக்கு எப்போதும் வலிக்கும். வெயிலில் நாள் முழுவதும் ஒரு தொன் கலவையைச் சட்டியில் சுமப்பவரின் உழைப்பு குறைவாக இல்லை. அவர் சுமப்பதற்கு முன்னால் கலவை வந்து சேராத நாட்கள்தான் அதிகம். விளைதிறனை நாங்கள் இழப்பது அங்கேதான்.

இவ்விடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா தச்சர். அக்கராயனில் எங்கள் வீடு மண்சுவர், பாலைமரக் கைமரம், தகரக் கூரை. 2008இல் போரால் இடம்பெயர வேண்டி வந்தபோது அவர் முதலில் கழற்றியது கூரையை. ஒவ்வொரு மரத்தின் நுனியிலும் அடுப்புக் கரியால் இலக்கம் எழுதினார். கிழக்குப் பக்கம் ஒன்று முதல் ஒன்பது, மேற்குப் பக்கம் பத்து முதல் பதினெட்டு. யன்னல்களையும் கதவையும் நிலையோடு பெயர்த்தெடுத்தார். எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு தருமபுரம் போனோம். அங்கே ஒருவரின் வளவில் அப்பாவும் தம்பியும் நானுமாக இரண்டு நாளில் கூரையை மறுபடி ஏற்றினோம். இலக்கப்படி எடுத்துக் கொடுப்பது என் பங்கு. அடுத்த ஆண்டு சனவரியில் மறுபடி கழற்றிச் சுதந்திரபுரம்வரை கொண்டு போனோம். அதற்குப் பிறகு கழற்ற நேரம் கிடைக்கவில்லை; அந்த மரங்கள் அங்கேயே கிடந்து போயின.

வன்னியில் அந்தக் காலத்தில் கூரையோடு நகர்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். பின்னர் தொழினுட்பக் கல்லூரியில் ஆசிரியர் ‘முன்தயாரிப்புக் கட்டுமானம்’ என்று கரும்பலகையில் எழுதியபோது என் கண்ணுக்கு முன்னால் வந்தவை அந்தக் கரி இலக்கங்கள். உறுப்புகளை ஓரிடத்தில் செய்து, அடையாளமிட்டு, வேறோரிடத்தில் கொண்டுபோய்ப் பூட்டுவது. எங்களுக்கு அது ஓட்டத்தின் தொழினுட்பமாக இருந்தது. தங்கிவிடுவதற்கும் அதே தொழினுட்பம் உதவும் என்று நம்ப எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

எங்கள் மக்களுக்கும் அந்த நம்பிக்கை இலேசில் வராது, அதற்குக் காரணம் இருக்கிறது. 2009க்குப் பிறகு தறப்பாளிலும் தகரத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் நாங்கள். துண்டுகளாகப் பூட்டிய வீடு என்றாலே அது தற்காலிகம். கல்வீடு என்றால்தான் வீடு. 2015, 2016ஆம் ஆண்டுகளில் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் தருவதாகப் பேச்சு வந்தது. ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதற்கு முன்னர் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம். அதைத் தவணையாகப் பெற்று அவரவர் தாமே கல்வீடு கட்டினார்கள். இரும்பு வீடு சூடு பிடிக்கும், நீடிக்காது, அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாம், எங்கள் மேசனுக்கும் தச்சருக்கும் அதில் வேலையில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. அந்தத் திட்டம் அந்த அளவில் நடக்கவில்லை. நானும் எதிர்த்தவர்களில் ஒருத்தி. இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாதத்தின் சூட்டில், ‘தொழிற்சாலையில் செய்து பூட்டுவது எங்களுக்கு ஒத்துவராது’ என்ற முடிவும் பலர் மனதில் பதிந்துவிட்டது. அதுதான் தவறு.

நாங்கள் ஏற்கெனவே அப்படிப் பூட்டுகிறோம். கிணறு வெட்டினால் கொங்கிறீட் கொட்டு வாங்கி ஒன்றன் மேல் ஒன்றாக இறக்குகிறோம். மலசலகூடக் குழிக்குத் தட்டு வாங்குகிறோம். வேலிக்குச் சீமெந்துத் தூண் வாங்குகிறோம். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மறுபடியும் ரயில் வந்ததே, அந்தத் தண்டவாளத்தின் கீழே கிடப்பவை எங்கோ அச்சில் வார்த்துக் கொண்டுவந்த கொங்கிறீட் கட்டைகள். கிணற்றுக் கொட்டைப் பார்த்து யாரும் இது தற்காலிகம் என்று சொன்னதில்லை. முழு வீட்டையும் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்குவது ஒன்று. வீட்டில் எந்த உறுப்பு வேலையை மறிக்கிறதோ அதை மட்டும் ஊரிலேயே முன்கூட்டிச் செய்து வைப்பது வேறு. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

2019இல் வேலையை விட்டுவிட்டு விசுவமட்டில் மாமாவின் கால் ஏக்கர் காணியில் லிண்டல் வார்க்கத் தொடங்கினேன். முதலில் ஆறு அச்சுகள். கிளிநொச்சியில் ஒட்டுவேலை செய்பவரிடம் இரும்புத் தகட்டில் செய்வித்தேன். ஆறடி நீளம், ஆறங்குல அகலம், ஆறங்குல உயரம். ஒரு லிண்டல் ஏறத்தாழ 97 கிலோ வரும். பாரத்தை முதலில் தீர்மானித்து, அதற்குப் பிறகுதான் அளவைத் தீர்மானித்தேன். பெரிய ஊர்களில் முன்வார்ப்பு என்றால் கிரேன் வரும். எங்கள் கிரவல் வீதியில், மாரியில், எந்தக் கிரேன் வரும்? நான்கு பேர் தூக்கிச் சாரத்தில் ஏற்றக்கூடிய பாரத்துக்கு மேலே எங்கள் வார்ப்புக் களத்தில் ஒன்றும் செய்வதில்லை.

தானியங்கி என்று சொல்லும்படி எங்களிடம் இருப்பது மிகச் சொற்பம். அதிர்வு மேசை ஒன்று இருக்கிறது. பழைய தண்ணீர்ப் பம்ப் மோட்டாரின் தண்டில் ஒரு பக்கம் பாரம் கூடிய இரும்புத் துண்டைப் பூட்டி, வில்சுருள்களின் மேல் கிடத்திய தகட்டின் அடியில் பொருத்தியிருக்கிறோம். அச்சை மேலே வைத்து மோட்டாரைப் போட்டால், கம்பியால் குத்திக் குத்திப் பத்து நிமிடம் எடுத்த வேலை ஒன்றரை நிமிடத்தில் முடிகிறது. காற்றுக்குமிழி குமுறிக்கொண்டு மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். முன்னர் அச்சைக் கழற்றினால் மூலைகளில் தேன்கூடு போலப் பொத்தல் இருக்கும், இப்போது இல்லை. இன்னொன்று, கம்பி வளைக்கும் பலகை. தடித்த முதிரைப் பலகையில் இரும்பு முளைகள் அடித்து வைத்திருக்கிறோம். ஆறு மில்லிமீற்றர் கம்பியை அந்த முளைகளைச் சுற்றி வளைத்தால் ஒவ்வொரு வளையமும் அச்சுப்போல ஒரே அளவில் வரும். அளவு நாடா எடுக்க வேண்டியதே இல்லை. இயந்திரம் பெரிதாக இருந்தால்தான் தானியக்கம் என்றில்லை. ஒரு முடிவை ஒரு தடவை சரியாக எடுத்துவிட்டு, அடுத்த ஆயிரம் தடவையும் கை அதை யோசிக்காமல் செய்யும்படி விட்டால் அதுவும் தானியக்கம்தான்.

பிழைகளும் நடந்தன. முதல் மாதம் அச்சுக்குக் கழிவு ஒயில் பூசினேன். லிண்டல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் சுவரில் ஏற்றிய பிறகு அதன் மேல் பூச்சு ஒட்டவில்லை, பொருக்காகக் கழன்று விழுந்தது. மூன்று வீடுகளுக்குப் போய்ப் பக்கங்களைக் கொத்திக் கரடாக்கி மறுபடி பூசிக் கொடுத்தோம். அதைவிட மோசமான ஒன்று மல்லாவியில் நடந்தது. லிண்டலில் பெரிய கம்பிகள் அடியில்தான் இருக்கும். பாரம் வரும்போது இழுபடுவது அடிப்பக்கம். ஏற்றியவர்கள் தலைகீழாக வைத்துவிட்டார்கள். மேலே நான்கு வரி கல் வைத்ததும் நடுவில் மயிரிழையாக வெடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வெடிப்பின் கீழே ஒரு குழந்தையின் ஏணை கட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அது ஏற்றியவர்களின் தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு பொருளைத் தலைகீழாக வைக்க முடியுமென்றால், என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒருவர் அப்படி வைப்பார். அன்றிலிருந்து எங்கள் ஒவ்வொரு லிண்டலின் மேற்புறத்திலும் கம்பிக் கொக்கி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கொக்கி தூக்குவதற்கு வசதி. தலைகீழாக வைத்தால் நிலையில் இடித்துக் கிடக்கவே கிடக்காது.

விசுவமட்டில் மேசன் வேலையில் ஐம்பது ஆண்டு கண்ட ஐயா ஒருவர் இருக்கிறார். என் களத்தைப் பார்க்க வந்தார். ஒரு லிண்டலை இரண்டு கல்லின் மேல் வைக்கச் சொன்னார். தானும் ஏறி, இன்னும் மூன்று பேரையும் ஏற்றி, நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். இறங்கி வந்து என்னைக் கேட்டார்: “பிள்ளை, இது வந்தால் என்னுடைய பெடியளுக்கு இரண்டு நாள் கூலி போய்விடும். அதற்கு என்ன சொல்கிறாய்?”

நேர்மையான கேள்வி. அவருக்கு நான் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். ஒரு வீட்டில் அந்த இரண்டு நாள் போகும், உண்மை. ஆனால் அந்த வீட்டில் லிண்டலுக்காகக் காத்திருந்த நாட்களும் போகும். சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் நான்கு வீடு செய்யும் மேசன் ஐந்தோ ஆறோ செய்யலாம். அவர் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. அந்த ஆண்டு தருமபுரத்தில் ஒரு வீட்டுக்கு எட்டு லிண்டல் வாங்கினார். காலையில் ஏற்றத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் முடித்துவிட்டு, பின்னேரமே மேலே கல் வைக்கத் தொடங்கினார். இப்போது அவருடைய பையன்கள்தான் எங்கள் லிண்டல்களைத் திறமையாக ஏற்றுகிறவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அப்படி ஈடாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மேசனோடு போகும் கூலியாளுக்கு இழப்பு இருக்கிறது. அதனால்தான் இந்தக் களங்கள் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வாதாடுகிறேன். அங்கே குறையும் கூலி இங்கே வர வேண்டும். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போகக்கூடாது.

எங்கள் களத்தில் இப்போது ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். மூவர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். கட்டுமான இடத்தில் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கல் சுமக்கும், தண்ணீர் ஊற்றும் வேலை. இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு வேறோர் ஊர். இங்கே கிடுகுக் கூரையின் நிழல் இருக்கிறது, பிள்ளையைப் பாடசாலைக்கு விட்டுவிட்டு வந்து, விடும் நேரத்துக்குப் போகலாம், சனிக்கிழமை சம்பளம். அவர்களில் ஓர் அக்கா கம்பி கட்டுவதில் என்னை மிஞ்சிவிட்டார். கம்பிக்குக் கீழே ஓர் அங்குலம் கொங்கிறீட் இருக்கிறதா என்று அவர் பார்க்காமல் ஓர் அச்சும் நிரம்பாது. தண்ணீர் விடும் கணக்கும் அவரிடம்தான். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் ஈரச்சாக்கு இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அவர் கைத்தொலைபேசியில் மணியடிக்க வைத்திருக்கிறார். வெயிலில் நிற்கும் வீட்டுச் சுவரில் யார் இப்படி ஏழு நாளும் நனைப்பார்கள்? களத்தில் வார்ப்பதன் பெரிய நன்மை வேகம் என்று தொடங்கும்போது நினைத்தேன். இப்போது, நனைப்பு ஒழுங்காக நடப்பதுதான் பெரிய நன்மை என்று நினைக்கிறேன்.

கல் வைக்கும் இயந்திரக் கை, கொங்கிறீட்டைப் பிதுக்கிச் சுவர் எழுப்பும் முப்பரிமாண அச்சு இயந்திரம் ஆகியவற்றின் காணொளிகளை நண்பர்கள் அனுப்புவார்கள். ஆர்வத்தோடு பார்ப்பேன். பெங்களூரில் 2023 ஓகஸ்டில் திறந்த அஞ்சல் நிலையத்தை அச்சு இயந்திரத்தால் 43 நாளில் கட்டினார்கள். 1,021 சதுர அடி. அருமையான வேலை. ஆனால் என் நாட்குறிப்பில் சுவருக்கு எடுத்தது பதினொரு நாள். அந்தப் பதினொன்றை இரண்டாக்கினாலும் 203 நாள் 194 ஆகும், அவ்வளவுதான். இயந்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்பதற்கு முன்னால் நாள் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். சிங்கப்பூரில் 1980களிலேயே வீடமைப்புச் சபை முன்வார்ப்புக்குப் போனது. இப்போது குளியலறை, பூச்சு, தரை எல்லாம் முடித்த அறைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி நாற்பது மாடி கட்டுகிறார்கள். அவர்களுக்கு இடமும் இல்லை, தொழிலாளரும் இல்லை. அதற்கு அந்த விடை. எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் விடை ஜா-எல, ஏக்கலையில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் உருவாக்கிய பிளேட் முறை, அதாவது கொங்கிறீட் மேல்தளம் போடும் முறை. கம்பிகளை முன்னரே இழுத்து இறுக்கி வார்த்த (முன்தகைத்த) கொங்கிறீட் வளைகளை இரண்டடிக்கு ஒன்றாகக் கிடத்தி, அவற்றிலேயே பலகையைத் தொங்கவிட்டு, மேலே கம்பிவலை விரித்து இரண்டங்குலம் கொங்கிறீட் போடுவார்கள். கீழே காடு போல முட்டு நாட்ட வேண்டியதில்லை. முட்டுத் தடி கிடைக்காத ஊருக்கு இது பெரிய வரம். தெற்கில் நிறைய வீடுகளில் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் மாடி வைப்பவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

துண்டு துண்டாகச் செய்து பூட்டுவதில் ஒரு பயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். இலண்டனில் ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடம் முன்வார்ப்புச் சுவர்களைப் பூட்டிக் கட்டியது. 1968 மே 16ஆம் தேதி 18ஆம் மாடியில் ஒரு சமையலறையில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர் வெளியே போனது. அதன் மேலிருந்த மாடிகள் தாங்கலில்லாமல் விழுந்தன. அந்தப் பாரத்தில் கீழே இருந்த மூலையும் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். துண்டுகள் பலமாக இருந்தன. பொருத்துகள் பலவீனமாக இருந்தன. நாங்கள் செய்வது ஒரு மாடி வீட்டின் லிண்டல்தான் என்றாலும் அந்தப் பாடம் பொருந்தும். வீட்டைச் சுற்றி ஒரே பட்டியாக ஓடும் லிண்டல், சுவர்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும். தனித்தனி லிண்டல் அப்படிப் பிடிக்காது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவே கரையேறிய இரவு நான் தூங்கவில்லை; என் லிண்டல்கள் ஏறிய வீடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அதனால் எங்களிடம் வாங்குபவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, சுற்றிவர ஒரு கொங்கிறீட் பட்டியை அவ்விடத்திலேயே போட வேண்டும். கூரைமரத்தை அதில் கம்பியால் பிணைக்க வேண்டும். அதைச் செய்யமாட்டேன் என்பவருக்கு லிண்டல் விற்பதில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மிகக் கடினமான வேலை எது என்று கேட்டால், கொங்கிறீட் அல்ல, அளவு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு யன்னல். தச்சர் கையில் இருக்கும் மரத்துக்கு ஏற்ப நிலை செய்வார். மூன்றடி நான்கங்குலம் ஒன்று, மூன்றடி ஏழங்குலம் இன்னொன்று. நிலையம் பார்ப்பவர் மனையடி சாத்திரப்படி அறையின் நீள அகலம் சொல்வார். அதில் நான் கைவைப்பதில்லை. அது அந்தக் குடும்பத்தின் மனநிம்மதி. ஆனால் யன்னலின் அகலத்தைச் சாத்திரம் கட்டிப்போடவில்லை. விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்பு மூன்று இடத்துத் தச்சர்களோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பட்டறையில் இருந்து பேசினோம். அப்பா பேசியதால்தான் கேட்டார்கள். மூன்றடி, நான்கடி என்று இரண்டு வாசல் அளவுக்கு ஏழு தச்சர்கள் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் எங்கள் தொழில் உண்மையில் தொடங்கியது. அளவு ஒத்துவராத இடத்தில் எந்த இயந்திரத்தை வாங்கினாலும் அது மூலையில் கிடந்து துருப்பிடிக்கும்.

2022இல் எல்லாம் நின்றது. சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாவைத் தாண்டியபோது ஐந்து மாதம் அச்சுகளைக் கவிழ்த்து வைத்தோம். மறுபடி தொடங்கியபோது ஓர் அலுவலகத்தில் புதுச் சிக்கல்: படிவத்தில் ‘லிண்டல் கொங்கிறீட் இடப்பட்டது’ என்றுதான் இருக்கிறது, ‘வைக்கப்பட்டது’ என்று இல்லை; ஆகவே அந்தக் கட்டத்துக்குப் பணம் விட முடியாது என்றார்கள். ஒரு காலத்தில் அதே போன்ற படிவத்தை நிரப்பியவள் நான். எதிரே இருந்த பெண் உத்தியோகத்தரின் தர்மசங்கடம் எனக்கு விளங்கியது. இரண்டு மாதம் நடந்தேன். கடைசியில் ஓரத்தில் கையால் எழுதிக் கையொப்பமிட்டார். படிவங்களில் முன்வார்ப்புக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பப்பாசி முளைத்த வீட்டுக்கு லிண்டல் போட்டது நான் அல்ல. களம் தொடங்கும் முன்னரே, அந்த அம்மாவின் தம்பி மத்திய கிழக்கிலிருந்து அனுப்பிய காசில் அவர்களே போட்டுவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஏறிப் பார்த்தேன். ஓட்டுக் கூரை, பச்சை நிறக் கதவு. இப்போது பின்பக்கம் குசினி இறக்க வேண்டுமாம், ஆட்டுக் கொட்டில் பக்கம் ஓர் அகன்ற வாசல் வேண்டுமாம். எவ்வளவு அகலம் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். அளந்து பார்த்தேன், ஆறரை அடி.

எங்களிடம் அந்த அளவு அச்சு இல்லை. இரண்டு பக்கமும் சுவரில் ஒன்பது அங்குலம் தாங்கலும் வேண்டும் என்றால் எட்டடி நீளம் வரும். ஆறங்குல உயரம் போதாது, எட்டாக்க வேண்டும். பாரம் 170 கிலோவைத் தாண்டும்; நான்கு பேருக்கு அது அதிகம். நடுவில் பிரித்து, மூன்றங்குல அகலத்தில் இரண்டு துண்டாக வார்த்துப் பக்கத்தில் பக்கம் வைத்துக் கம்பியால் பிணைக்கலாம் என்று அந்தக் கம்பி கட்டும் அக்கா சொல்கிறார். அப்பாவும் அதையே சொல்கிறார். மரத்தில் அவர் அப்படிச் செய்திருக்கிறாராம். இரண்டு துண்டுகளும் போன வாரம் வார்த்தாகிவிட்டது, ஈரச்சாக்கின் கீழே கிடக்கின்றன. இருபத்தெட்டு நாள் முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை, சம்பளம் கொடுத்துவிட்டு, இரண்டையும் பிணைத்துக் கல்லின் மேல் கிடத்திச் சீமெந்துப் பைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கப் போகிறோம். இருபது பை, ஒரு தொன். மேசன் ஐயாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.